இத்தாலியின் 3ஆவது மலைப் பீரங்கி ரெஜிமென்ட்

இத்தாலியத் தரைப்படையின் 3ஆவது மலைப் பீரங்கி ரெஜிமென்ட், ஆல்ப்ஸ் மலைத்தொடரில் போரிடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட படைப்பிரிவுகளுள் ஒன்றாகும். முதல் உலகப் போரில் இத்தாலி இறங்கிய 1915ஆம் ஆண்டில் இது தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் 'யூலியா' என்ற மலைப்படை டிவிஷனின் பீரங்கிப் பிரிவாகக் கிரேக்கத்திலும் ரஷ்யாவிலும் போரிட்டது. இன்று வடகிழக்கு இத்தாலியில், ஊதினே நகருக்கு அருகிலுள்ள ரெமான்சாக்கோ என்னும் ஊரில் நிலைகொண்டுள்ளது.

இந்த ரெஜிமென்ட்டுக்கு இத்தாலியின் மிக உயர்ந்த வீர விருதான தங்கப் பதக்கம் இருமுறை வழங்கப்பட்டுள்ளது. ஆயினும் அதன் வரலாறு வெற்றிகளின் பட்டியல் அன்று. மலைக்காகப் பழக்கப்பட்ட ஒரு படை, ஆட்சியாளர்களின் முடிவுகளால் பொருந்தாத இடங்களுக்கு அனுப்பப்பட்டு அழிந்ததும், பின்னர் மீண்டு எழுந்ததுமே அந்த வரலாறு.

மலைப் பீரங்கி என்றால் என்ன?

சாதாரணப் பீரங்கியை இழுத்துச் செல்லச் சாலை வேண்டும். மலையில் சாலை இல்லை. ஒற்றையடிப் பாதைதான் உண்டு. எனவே மலைப் பீரங்கி, பகுதி பகுதியாகப் பிரிக்கக்கூடியதாகச் செய்யப்படுகிறது. குழல், சக்கரங்கள், தாங்கும் சட்டம், முன்புறக் கேடயம் எனத் தனித்தனியாகக் கழற்றி, ஒவ்வொரு பகுதியையும் ஒரு விலங்கின் முதுகில் ஏற்றிவிடலாம். சுட வேண்டிய இடத்தை அடைந்ததும் வீரர்கள் சில நிமிடங்களில் அதை மீண்டும் பூட்டிவிடுவார்கள்.

இந்தச் சுமையைத் தாங்கியது கோவேறு கழுதை. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் இந்த விலங்கு, குதிரையைவிடக் குறைந்த தீனியில் வாழும். குறுகிய பாதையில் கால் தவறாமல் நடக்கும். ஒவ்வொரு கோவேறு கழுதைக்கும் அதற்கென ஒரு வீரர் உண்டு. அவரே தீனி கொடுப்பார், தேய்த்துவிடுவார், சேணம் பூட்டுவார், போர்முனைக்கு நடத்திச் செல்வார். விலங்கு நின்றுவிட்டால் பீரங்கியும் நின்றுவிடும். பாதை அதற்கும் இடம் தராத செங்குத்தான இடங்களில் வீரர்களே பகுதிகளைத் தோளில் சுமந்தனர்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த ரெஜிமென்ட் முதன்மையாகப் பயன்படுத்தியது 75 மில்லிமீட்டர் மலைப் பீரங்கி. இதை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஸ்கோடா தொழிற்சாலை 1915ஆம் ஆண்டு மாதிரியாக வடிவமைத்தது. முதல் உலகப் போரின் முடிவில் இவை இத்தாலியின் கைக்கு வந்தன. அதாவது, ஒரு போரில் எதிரியிடமிருந்து கிடைத்த ஆயுதத்துடனேயே இத்தாலியர் அடுத்த போருக்குச் சென்றனர். இதன் எடை சுமார் 613 கிலோகிராம். சுமார் 6 கிலோ எடையுள்ள குண்டை 8 கிலோமீட்டர் தொலைவுக்கு எறியவல்லது. 1915இல் இது நல்ல பீரங்கி. 1943இல் கனரக டாங்கிகளை எதிர்க்க இதனால் இயலவில்லை.

ரெஜிமென்ட்டின் அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. வழக்கமாக நான்கு பீரங்கிகள் சேர்ந்தது ஒரு பேட்டரி. சில பேட்டரிகள் சேர்ந்தது ஒரு குழு. சில குழுக்கள் சேர்ந்தது ரெஜிமென்ட். குழுக்களுக்கு எண்ணுக்குப் பதிலாக ஊர், பள்ளத்தாக்கு ஆகியவற்றின் பெயர்கள் சூட்டப்பட்டன. 3ஆவது ரெஜிமென்ட்டின் குழுக்கள் கொனெலியானோ, ஊதினே, வால் பியாவே என்பன. மூன்றுமே வடகிழக்கு இத்தாலிய இடங்களின் பெயர்கள். வீரர்களில் பெரும்பாலோரும் அப்பகுதி விவசாயிகள், மரம்வெட்டிகள், கொத்தனார்கள். ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள் ஒரே பேட்டரியில் இருந்ததால் அவர்களிடையே பிணைப்பு வலுவாக இருந்தது. ஒரு பேட்டரி அழிந்தால் ஒரே நாளில் பல ஊர்களில் இழவு விழும் நிலையும் இதனாலேயே ஏற்பட்டது.

தோற்றமும் முதல் உலகப் போரும்

ஒன்றுபட்ட இத்தாலி தன் வட எல்லையைக் காக்க 1872இல் 'ஆல்பினி' எனப்படும் மலைக் காலாட்படையை அமைத்தது. அவர்களுடன் மலையேறக்கூடிய பீரங்கிப் படையும் தேவைப்பட்டது. 1887இல் தூரின் நகரில் மலைப் பீரங்கிகளுக்கெனத் தனி ரெஜிமென்ட் உருவானது. பின்னர் 2ஆவது ரெஜிமென்ட்டும், 1915இல் 3ஆவது ரெஜிமென்ட்டும் அமைந்தன. ஆல்பினியைப் போலவே மலைப் பீரங்கி வீரர்களும் இறகு செருகிய தொப்பியை அணிகின்றனர்.

1915 மே மாதத்தில் இத்தாலி ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் தொடுத்தது. போர்முனையின் பெரும்பகுதி ஆல்ப்ஸ் மலைகளின் மேலேயே அமைந்தது. சில இடங்களில் 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பனியாற்றின் மீது படைகள் எதிரெதிராக நின்றன. குண்டுகளால் இறந்தவர்களோடு பனிச்சரிவுகளிலும் கடுங்குளிரிலும் இறந்தவர்களும் பல்லாயிரம் பேர். மலைப் பீரங்கி ரெஜிமென்ட்டுகள் ஒரே இடத்தில் திரண்டு போரிடவில்லை. அவற்றின் குழுக்களும் பேட்டரிகளும் பிரிந்து, எந்த முகட்டில் எந்த ஆல்பினிப் படைக்குத் தேவையோ அங்குச் சென்றன.

ஃபிரியூலி வட்டாரத்தின் வடக்கில் உள்ள கார்னியா மலைகளில் சுமை தூக்கும் பணிக்கு ஆண்கள் போதவில்லை. எனவே 15 வயதுச் சிறுமிகள் முதல் 60 வயது மூதாட்டிகள் வரை அவ்வூர்ப் பெண்கள் முன்வந்தனர். முதுகில் மாட்டும் கூடையில் 30 முதல் 40 கிலோ வரை குண்டுகளையும் உணவையும் மருந்தையும் சுமந்து, பலமணி நேரம் செங்குத்தாக ஏறிப் போர்முனையில் சேர்த்தனர். நான்கு குழந்தைகளின் தாயான மரியா புளோஸ்னர் மென்டில் 1916 பிப்ரவரியில் எதிரியின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். பிற்காலத்தில் பலூட்சா என்ற ஊரின் ராணுவக் குடியிருப்புக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அந்தப் பெண்களின் தலைமுறையில் பிறந்த பிள்ளைகளே 1940இல் படையில் சேரும் வயதை எட்டியிருந்தனர்.

1917 அக்டோபர் 24 அன்று கபொரெட்டோவில் ஜெர்மானிய, ஆஸ்திரியப் படைகள் இத்தாலிய அணியை உடைத்தன. ஃபிரியூலி முழுவதும் எதிரியின் கையில் விழுந்தது. ஓராண்டு ஆக்கிரமிப்பை அம்மக்கள் அனுபவித்தனர். 1918 நவம்பரில் போர் இத்தாலியின் வெற்றியுடன் முடிந்தது.

யூலியா டிவிஷன்

1930களின் நடுவில் முசோலினியின் அரசு ஆல்பினி ரெஜிமென்ட்டுகளையும் மலைப் பீரங்கி ரெஜிமென்ட்டுகளையும் இணைத்து மலைப்படை டிவிஷன்களை அமைத்தது. 3ஆவது மலைப் பீரங்கி ரெஜிமென்ட், 8ஆவது, 9ஆவது ஆல்பினி ரெஜிமென்ட்டுகளுடன் சேர்ந்து யூலியா டிவிஷன் ஆனது. வடகிழக்கில் உள்ள யூலிய ஆல்ப்ஸ் மலைகளை ஒட்டி இப்பெயர் வந்தது.

கிரேக்கப் போர், 1940–41

1940 அக்டோபர் 28 அன்று இத்தாலி அல்பேனியாவிலிருந்து கிரேக்கத்துக்குள் படையெடுத்தது. கிரேக்கர் எளிதில் பணிந்துவிடுவார்கள் என்று முசோலினி எதிர்பார்த்தார். மழைக்காலம் தொடங்கியிருந்தது, போதிய படையோ குளிர்கால உடையோ சேர்க்கப்படவில்லை. ஜெனரல் மரியோ ஜிரோட்டியின் தலைமையில் யூலியா டிவிஷன் பிண்டஸ் மலைத்தொடரைக் கடந்து மெட்சோவோ கணவாயைக் கைப்பற்ற வேண்டும் என்பது கட்டளை. அதைக் கைப்பற்றினால் கிரேக்கப் படை இரண்டாகப் பிரிந்துவிடும்.

வீரர்கள் சேற்றிலும் மழையிலும் பள்ளத்தாக்குகள் வழியே முன்னேறினர். ஆறுகள் பெருக்கெடுத்தன. உணவும் தீனியும் குண்டுகளும் பின்னால் இருந்து வந்து சேரவில்லை. பட்டினியாலும் களைப்பாலும் கோவேறு கழுதைகள் விழுந்தன; அவற்றோடு பீரங்கிகளின் வேகமும் குறைந்தது. இருபுறமும் பாதுகாப்பின்றி ஆழமாகச் சென்றுவிட்ட யூலியாவைக் கிரேக்கர் பக்கவாட்டிலிருந்து தாக்கினர். நவம்பர் தொடக்கத்தில் டிவிஷன் சுற்றிவளைக்கப்படும் நிலைக்கு வந்தது. பெரும் இழப்புடன் கொனிட்சா வழியாகப் பின்வாங்கியது. அதன்பின் குளிர்காலம் முழுவதும் அல்பேனிய மலைகளில் தற்காப்புப் போர் நடந்தது.

இதே பிண்டஸ் மலையில் மறுபக்கத்தில் ஒரு காட்சி நிகழ்ந்தது. கிரேக்க மலைக்கிராமப் பெண்கள் தங்கள் வீரர்களுக்காக வெடிமருந்தையும் உணவையும் முதுகில் சுமந்து முகடுகளுக்கு ஏற்றினர். 25 ஆண்டுகளுக்கு முன் கார்னியாப் பெண்கள் செய்த அதே பணி. இம்முறை யூலியா வீரர்கள் வீட்டைக் காப்பவர்களாக இல்லை. அடுத்தவர் மலைக்குள் புகுந்தவர்களாக இருந்தனர். ஃபிரியூலி மக்கள் அனுபவித்த ஆக்கிரமிப்பை இப்போது அவர்களின் பிள்ளைகளே வேறொரு மக்களுக்குக் கொண்டுசென்றனர்.

1941 ஏப்ரலில் ஜெர்மனி தலையிட்ட பின்னரே கிரேக்கம் வீழ்ந்தது. எல்லையிலுள்ள பெராட்டி பாலத்தைப் பற்றி எழுந்த இழப்புப் பாடலை ஆல்பினி வீரர்கள் இன்றும் பாடுகின்றனர். யூலியாவின் துயரம் அத்துடன் நிற்கவில்லை. 1942 மார்ச் 28 இரவு, கிரேக்கத்திலிருந்து வீரர்களைத் தாயகம் ஏற்றிவந்த 'கலிலேயா' என்ற கப்பலை ஆங்கிலேய நீர்மூழ்கி ஒன்று தகர்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் 8ஆவது ஆல்பினி ரெஜிமென்ட்டின் ஜெமோனா பட்டாலியனைச் சேர்ந்தவர்கள்.

ரஷ்யச் சமவெளி, 1942–43

1942 கோடையில் இத்தாலி ரஷ்யாவுக்கு அனுப்பிய 8ஆவது ராணுவத்தில் சுமார் 2,30,000 பேர் இருந்தனர். யூலியா, திரிதென்தினா, குனேயென்சே ஆகிய மூன்று மலைப்படை டிவிஷன்களும் அதில் அடக்கம். இவை காகசஸ் மலைகளில் போரிடவே அனுப்பப்பட்டன. கயிறுகள், மலையேறும் கருவிகள், கோவேறு கழுதைகள் ஆகியவற்றுடன் வீரர்கள் ரயிலேறினர். ஆனால் வழியில் கட்டளை மாறியது. காகசஸுக்குப் பதிலாக தொன் ஆற்றங்கரைக்குச் செல்லுமாறு உத்தரவு வந்தது.

தொன் கரை கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்த புல்வெளி. மறைந்து நிற்க முகடு இல்லை; ஏறித் தாக்க உயரம் இல்லை. அங்கு வேண்டியவை லாரிகள், டாங்கிகள், டாங்கியைத் துளைக்கும் பீரங்கிகள். 3ஆவது ரெஜிமென்ட்டிடம் இருந்தவையோ பெரும்பாலும் 1915ஆம் ஆண்டு மாதிரிப் பீரங்கிகளும் அவற்றைச் சுமக்கும் விலங்குகளுமே.

1942 டிசம்பர் நடுவில் சோவியத் படைகள் மலைப்படையின் தெற்கே இருந்த இத்தாலியப் பிரிவுகளை உடைத்தன. அந்த இடைவெளியை அடைக்க யூலியா அனுப்பப்பட்டது. கோடையிலிருந்து தோண்டிவைத்த பதுங்கு குழிகளை விட்டுவிட்டு, வெட்டவெளிப் பனியில் அது நிற்க வேண்டியதாயிற்று. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகைக்கும் அப்பால் இறங்கியது. உறைந்த மண்ணில் மண்வெட்டி இறங்கவில்லை. துப்பாக்கிகளின் எண்ணெய் உறைந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் யூலியா அங்கேயே தாக்குப்பிடித்தது.

1943 ஜனவரி நடுவில் சோவியத் படைகள் மலைப்படையை இருபுறமும் சுற்றிவளைத்தன. பின்வாங்கும் உத்தரவு ஜனவரி 17 அன்றுதான் கிடைத்தது. அதற்குள் எதிரியின் டாங்கிகள் பின்புறச் சாலைகளில் வந்துவிட்டன. வீரர்கள் பீரங்கிகளைச் சறுக்குவண்டிகளில் கட்டி, விலங்குகளைப் பூட்டி மேற்கு நோக்கி நடந்தனர். ஜனவரி 19, 20 நாட்களில் நோவோ போஸ்தோயாலொவ்கா என்ற சிற்றூரில் யூலியாவும் குனேயென்சேயும் வழியைத் திறக்க முயன்றன. மலைப் பீரங்கிகள் டாங்கிகளை நேருக்கு நேர் சுட்டன. குண்டுகள் அவற்றின் கவசத்தைத் துளைக்கவில்லை. பீரங்கிகளும் அவற்றை இயக்கியவர்களும் டாங்கிகளின் அடியில் நசுங்கினர். யூலியா டிவிஷன் ஓர் அமைப்பாக அங்கேயே முடிந்தது எனலாம். டிவிஷனின் தளபதி ஜெனரல் உம்பர்தோ ரிகாஞ்ஞோ சில நாட்களில் சிறைப்பட்டார். எஞ்சிய வீரர்கள் சிறு கூட்டங்களாகப் பிற அணிகளோடு சேர்ந்து நடந்தனர். ஜனவரி 26 அன்று நிகொலாயெவ்காவில் திரிதென்தினா டிவிஷன் முற்றுகையை உடைத்தது. அந்த வழியே தப்பியவர்கள்தாம் பிழைத்தனர். மலைப்படையில் இருந்த சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 40,000 பேர் திரும்பவில்லை.

அந்தப் பயணத்தில் பலர் உயிர் பிழைத்ததற்கு ரஷ்ய, உக்ரேனியக் கிராமத்துப் பெண்களும் காரணம். படையெடுத்து வந்தவர்கள் என்று தெரிந்தும், கதவைத் தட்டிய வீரர்களுக்கு அவர்கள் அடுப்பருகே இடமும் உருளைக்கிழங்கும் பாலும் கொடுத்ததைத் தப்பி வந்தவர்கள் பலரும் பதிவு செய்துள்ளனர்.

கொனெலியானோ குழுவின் 13ஆவது பேட்டரியில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர் ஜூலியோ பெதெஸ்கி. கிரேக்கத்திலும் ரஷ்யாவிலும் கண்டவற்றை அவர் நூலாக எழுதினார். பல பதிப்பகங்கள் மறுத்த அந்த நூல், போர் முடிந்து 18 ஆண்டுகளுக்குப் பின் 1963இல் வெளிவந்து, இலட்சக்கணக்கில் விற்றது. பிள்ளை எங்கே இறந்தான், எப்படி இறந்தான் என்றே அறியாதிருந்த குடும்பங்களுக்கு அந்த நடையின் விவரங்கள் அதன்மூலம் தெரியவந்தன.

போருக்குப் பின்

திரும்பியவர்களைக் கொண்டு டிவிஷனை மீண்டும் கட்டும் முயற்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேச நாடுகளுடன் செய்துகொண்ட போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர் இத்தாலியை ஆக்கிரமித்தனர், ரெஜிமென்ட் கலைந்தது. 1949இல் யூலியா, பிரிகேட் வடிவில் மீண்டும் எழுந்தது. 1951இல் 3ஆவது மலைப் பீரங்கி ரெஜிமென்ட்டும் மீண்டும் அமைக்கப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் அதன் பணி தொடக்கத்தில் எண்ணப்பட்டதே: வடகிழக்கு எல்லையைக் காப்பது. 1950களின் பிற்பகுதியில் ஓத்தோ மெலாரா நிறுவனத்தின் 105 மில்லிமீட்டர் மலைப் பீரங்கி பயன்பாட்டுக்கு வந்தது. இதையும் 12 பகுதிகளாகப் பிரித்துச் சுமக்கலாம். வேறு பல நாடுகளும் இதை வாங்கின.

1976 மே 6 இரவு ஃபிரியூலியில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தனர். ஜெமோனாவிலிருந்த ராணுவக் குடியிருப்பு இடிந்து யூலியா பிரிகேடைச் சேர்ந்த 29 இளம் வீரர்கள் உயிரிழந்தனர். தப்பிய வீரர்கள் அந்த இரவே இடிபாடுகளைத் தோண்டத் தொடங்கினர். வரும் மாதங்களில் கூடாரம் அமைத்தல், உணவு வழங்கல், பாதை சீரமைத்தல் ஆகிய பணிகளில் பிரிகேட் ஈடுபட்டது.

1975இல் நடந்த ராணுவச் சீரமைப்பில் ரெஜிமென்ட் என்ற நிலை நீக்கப்பட்டு, குழுக்கள் தனித்தனியே இயங்கின. கொனெலியானோ குழு பழைய கொடியைக் காத்தது. 1990களின் தொடக்கத்தில் அது மீண்டும் ரெஜிமென்ட் ஆனது. 2005 முதல் கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்பட்டதால், இன்று இதில் இருப்பவர்கள் விரும்பிச் சேர்ந்த தொழில்முறை வீரர்கள்.

விலங்குகளின் காலமும் முடிந்தது. ஹெலிகாப்டரும் மலை ஏறும் வாகனங்களும் வந்த பின், இத்தாலியத் தரைப்படை தன்னிடம் எஞ்சிய கோவேறு கழுதைகளை 1993இல் பெல்லுனோ நகரில் ஏலம் விட்டது. அவை இறைச்சிக்குப் போய்விடக் கூடாது என்று முன்னாள் ஆல்பினி வீரர்கள் பலவற்றை வாங்கி வளர்த்தனர். அவற்றுள் கடைசியாக உயிரோடிருந்த 'இரோசோ' 2019இல், 40ஆவது வயதில் இறந்தது.

நினைவு

ஊதினேக்கு அருகிலுள்ள கர்ஞாக்கோவில், ரஷ்யாவில் இறந்த இத்தாலியருக்கான நினைவாலயம் உள்ளது. அடையாளம் தெரியாத ஒரு வீரரின் எச்சங்கள் 1990இல் ரஷ்யாவிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கு வைக்கப்பட்டன.

ரஷ்யாவிலும் ஒரு நினைவுச் சின்னம் உள்ளது. 1942இல் இத்தாலிய மலைப்படையின் தலைமையகம் ரோசோஷ் என்னும் நகரில் இருந்தது. பின்வாங்கலின் 50ஆம் ஆண்டையொட்டி, ஆல்பினி சங்கத்தைச் சேர்ந்த முன்னாள் வீரர்கள் தங்கள் செலவில் அங்குச் சென்று, அதே இடத்தில் கட்டுமான வேலை செய்தனர். தாங்கள் படையெடுத்துச் சென்ற ஊருக்கு அவர்கள் அளித்தது ஒரு மழலையர் பள்ளி. 1993 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. உணவு கொடுத்துக் காப்பாற்றிய பெண்களின் பேரக்குழந்தைகளின் தலைமுறை அதில் படித்தது.